போட்டாச்சு என்று சொன்ன ஊசி

இருபத்துமூன்று வயது ஆம்பிளைக்குச் சின்னப் பிள்ளைகளின் தட்டம்மை, எங்கள் பாஷையில் சின்னமுத்து, வந்தால் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். வேறு யாருக்காவது வந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். எங்கள் கத்தோலிக்கக் கோயில் சபைக்காரர் ஒருவர் ஆசுப்பத்திரி யன்னலுக்கு வெளியே நின்று, "என்ன அன்ரன், திரும்பவும் தொட்டில் கட்டட்டோ?" என்று கேட்டார். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளுக்குள் எரிந்தது. வீட்டில் எனக்கு ஏழு மாதப் பிள்ளை ஒன்று இருந்தாள். அந்த வருத்தத்தை, அந்த நோயை, நான் அவளுக்கும் கொடுத்துவிட்டேனா என்பது அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது.

இப்போது சோளகக் காற்று தொடங்கிவிட்டது. வள்ளங்கள் கரையில் ஏற்றிக் கிடக்கின்றன. வள்ளம் போகாவிட்டால் எஞ்சின் பழுதாகாது, எஞ்சின் பழுதாகாவிட்டால் எனக்கு வேலையில்லை. சும்மா இருக்க எனக்கு ஒருநாளும் வராது. அதனால் அந்த நாட்களை எழுதுகிறேன். எங்களைப்போல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வளர்ந்தவர்கள் யாராவது வாசித்தால் அவர்களுக்கு உதவும்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவில், தலைமன்னார் வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கினால் வரும். தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியபோது முழுச்சனமும் விட்டுவிட்டு ஓடியது. நான் அப்போது கைக்குழந்தை. வள்ளத்தில் இந்தியா, அங்கே முகாம், பிறகு கப்பலில் திரும்பி வந்து மடுவில் முகாம் என்று அலைந்து, சண்டை முடிந்தபிறகுதான் மீள்குடியேற்றம் என்று எங்களைப் பழைய காணிகளில் கொண்டுவந்து விட்டார்கள். தகரமும் சீமெந்தும் தந்தார்கள். நான் ஒரு கொட்டில் போட்டு வள்ள எஞ்சின் திருத்தத் தொடங்கினேன். முருங்கனில் பஸ்ஸுக்கு நின்ற ஜெனியைக் கண்டு, அவளுடைய தகப்பன் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கல்யாணமும் கட்டினேன். அவள் நறுவிலிக்குளத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை. எங்களுக்குப் பிறந்தவள் அஞ்சலா.

வீட்டில் நான், ஜெனி, பிள்ளை, என் அம்மா. ஜெனிக்கும் அம்மாவுக்கும் ஒத்துத்தான் போகும், ஒரு விஷயத்தைத் தவிர. பிள்ளை அழத் தொடங்கினால் அம்மாவின் கை தன்பாட்டில் அதன் வாயடிக்குப் போகும். பொத்தமாட்டார். உள்ளங்கையை வாய்க்குக் கிட்ட வைத்துக்கொண்டு "உஸ், உஸ்" என்பார். அம்மா மட்டுமல்ல, எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது.

"அழட்டுமன் மாமி. பிள்ளை அழாமல் வேற என்ன செய்யும்?" என்பாள் ஜெனி.

அம்மா கையை எடுத்துவிடுவார். அடுத்தமுறை பிள்ளை அழும்போது கை திரும்பவும் போகும். ஜெனிக்குக் கோபம் வரும். எனக்கு இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கப் பொறுமை இல்லை, கொட்டிலுக்குப் போய்விடுவேன்.

காய்ச்சல் வந்தபோது டெங்கு என்றுதான் எல்லாரும் சொன்னோம். அந்தக் காலத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டெங்குதான். டவுனில் ஒரு டிஸ்பென்சரியில் இரத்தம் எடுத்து, பிளேட்லெட் பார்த்தார்கள். அது இரத்தத்தை உறையவைக்கிற சின்னக் கலம், டெங்கில் அது குறைந்துகொண்டு போகுமாம். எனக்குப் பெரிதாகக் குறையவில்லை. காய்ச்சலுக்குப் பனடோல் தந்து அனுப்பினார்கள். கண் சிவந்து நீர் வடிந்தது, மூக்கு ஒழுகியது, இருமல் விடவில்லை. வெல்டிங் புகையும் பெற்றோல் மணமும்தான் காரணம் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

அந்த நாட்கள் முழுக்க அஞ்சலா என் நெஞ்சில்தான் படுத்தாள். அவளுக்கு அப்படி ஒரு பழக்கம், என் நெஞ்சில் போட்டால்தான் பகலில் நித்திரை வரும். காய்ச்சற்சூடு அவளுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும், வழமையைவிடக் கூடநேரம் தூங்கினாள். நானும் அவளுடைய உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு இருமினேன். இதை இப்போது எழுதும்போதும் எழும்பிப்போய் வெளியே நின்றுவிட்டு வரவேண்டியிருக்கிறது.

பிறகு ஒருநாள் காலையில் காதுக்குப் பின்னால் சிவப்பாகப் பொரிந்தது. மத்தியானத்துக்குள் முகம், கழுத்து என்று இறங்கியது. அம்மா என்னைப் பார்த்தவுடன், "இது சின்னமுத்தெல்லோ" என்றார். சொல்லிவிட்டு வாசலில் வேப்பிலை செருகினார். பிறகு கோயிலுக்குப் போய் மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு வந்தார். ஜெனி இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முச்சக்கரவண்டி பிடித்து என்னை ஏற்றி அனுப்பினாள்.

மன்னார் ஆசுப்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர் இளம் ஆள், தென்பகுதிக்காரர். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாக யோசித்து யோசித்துக் கதைத்தார். வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துக் கன்னத்தின் உட்பக்கம் பார்த்தார். அங்கே உப்புத்தூள் தூவினதுபோல் வெள்ளைப் பொட்டுகள் இருக்குமாம், அதுதான் இந்த வருத்தத்தின் அடையாளமாம். நேர்ஸைத் திரும்பிப் பார்த்து, "சரம்ப" என்றார். சின்னமுத்துக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். எந்தப் பாஷையில் சொன்னாலும் அங்கே இருந்தவர்களின் முகம் மாறியதைக் கண்டேன்.

"சின்ன வயதில் ஊசி போட்டது?" என்று கேட்டார்.

"போட்டாச்சு" என்றேன். யோசிக்கவே இல்லை. இடது கைச் சட்டையைத் தூக்கித் தோளடியில் இருக்கிற தழும்பையும் காட்டினேன். எங்கள் ஊரில் யார் கேட்டாலும் அதைத்தான் காட்டுவோம்.

"இது காசநோய் ஊசி. பிறந்தவுடனே போடுறது. இது வேற, அது வேற." பிறகு, "வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கா?" என்றார்.

"ஓம். ஏழு மாசம்."

அவர் டோர்ச்சை மேசையில் வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார். டொக்டர்மார் இருந்து கதைத்தால் பயப்பட வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பொரிவதற்கு முதலே, வெறும் காய்ச்சலும் இருமலுமாக இருக்கும்போதே, இந்த வருத்தம் மற்றவர்களுக்குத் தொற்றும். ஒரே அறையில் மூச்சுவிட்டால் போதும். தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்த எதிர்ப்புச் சக்தி ஏழு மாதத்தில் அநேகமாகக் கரைந்திருக்கும். அவளுக்குரிய ஊசி ஒரு வயதில்தான். ஆகவே அவள் இரண்டுக்கும் இடையில் வெறுமையாக நிற்கிறாள். பெரியவர்களுக்கு வந்தால் கடுமை, கைக்குழந்தைக்கு வந்தால் அதைவிடக் கடுமை. நுரையீரலுக்குப் போகலாம், மூளைக்கும் போகலாம்.

நான் எழும்பினேன். "வீட்டை போயிற்று வாறன்" என்றேன். போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் என் தோளில் கையை வைத்து அமத்தி இருத்தினார்.

தனி அறை ஒன்றில் என்னைப் போட்டார்கள். தொற்றுவருத்தக்காரருக்கான அறை. அங்கே ஏற்கனவே ஒருவன் கிடந்தான், முசலிப் பக்கத்து ரிஸ்வான். மீன் வியாபாரம். அவனுக்கும் சின்னமுத்து, அவனுக்கும் என் வயது. புத்தளத்து முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்தபிறகு தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்தவன். என்னைக் கண்டதும், "வா மச்சான், பாலர் வகுப்புக்கு" என்றான்.

எனக்கு நெஞ்சில் சளி இறங்கி நியூமோனியா என்றார்கள். நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறதாம், அதனால் இழுக்கிற மூச்சு போதாமல் போகிறது. மூக்கில் ஒட்சிசன் குழாய் வைத்தார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வாயெல்லாம் புண், ஜெனி பிளாஸ்கில் அனுப்பிய கஞ்சி ஒரு மிடறு இறங்க ஒரு யுகம் எடுத்தது. அந்தப் பிளாஸ்கை எங்கள் ஊர் முச்சக்கரவண்டிக்காரர் ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து தந்தார். ரிஸ்வானின் உம்மா மகனுக்கு அனுப்பும் கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி அனுப்பினார். என் முகத்தைக்கூட அவர் கண்டதில்லை.

உடம்புநோவு பரவாயில்லை. கிடக்கத்தான் முடியவில்லை. அறையின் காற்றாடியில் பெயரிங் தேய்ந்து கிடந்தது. அது சுற்றச் சுற்ற எனக்குப் பல் கூசியது. ஒரு திருகாணிச்சாவி தந்தால் சரிசெய்துவிடுவேன் என்று நேர்ஸிடம் கேட்டேன்.

"பேசாமல் கட்டிலில இரும்" என்றார் அவர். "உமக்கே காத்துக் காணாமக் கிடக்கு, நீர் காத்தாடி திருத்தப்போறீர்."

ஒட்சிசன் குழாய் எட்டுகிற தூரத்துக்கு எழும்பி நடந்தேன். யன்னல் வரை எட்டும், கதவு வரை எட்டாது. ஜெனிக்குப் போனில் கோல் எடுத்து, "பிள்ளைக்குச் சூடா?" என்று கேட்பேன். "இல்லை" என்பாள். வைத்துவிட்டுத் திரும்ப எடுப்பேன். "போனைப் பிள்ளையிட்டக் குடு" என்பேன். அஞ்சலா "ங்கா" என்றால் இருமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். ஒருமுறை அவள் தும்மினாள். திரும்பவும் தும்முகிறாளா என்று போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தநாள் ஜெனி, "நான் பிள்ளையைக் கொண்டு நறுவிலிக்குளம் போறன். அம்மா வீட்டில வைச்சிருந்தா நல்லம்தானே" என்றாள்.

"விசரே உனக்கு? அங்க உன்ர தங்கச்சி இப்பதான் பிள்ளை பெத்துப்போட்டு இருக்கிறாள்."

"அப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறியள்? இந்த வீடு முழுக்க நீங்கள் இருமின வீடு."

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் நான் கத்தினேன். கத்தியதில் இருமல் வந்து மூச்சு அடைத்துவிட்டது. நேர்ஸ் ஓடிவந்து போனைப் பிடுங்கி ஜெனியுடன் தானே கதைத்தார். எங்கேயும் போகாமல் பிள்ளையை நேரே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். டொக்டர் அதற்கிடையில் வேறு மாவட்டத்து ஆசுப்பத்திரியிலிருந்து ஒரு மருந்தை எடுப்பித்திருந்தார். அது தடுப்பூசி அல்ல. மற்றவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புச் சக்தியைப் பிள்ளைக்கு இரவல் கொடுப்பது. தொற்றிச் சில நாளுக்குள் கொடுத்தால் வருத்தம் வராமலும் போகலாம், வந்தாலும் மெலிதாக வரலாம். உத்தரவாதம் இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

பிள்ளையின் தொடையில் அதை ஏற்றியபிறகு ஜெனி அவளோடு யன்னலுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நின்றாள். கிட்ட வரக்கூடாது. அஞ்சலா என்னைக் கண்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். என் நெஞ்சில் வந்து படுக்கத்தான். நான் யன்னலை விட்டு விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன், என்னைக் காணாவிட்டால் அழுகையை நிற்பாட்டுவாள் என்று. கல்யாணம் கட்டியபிறகு நான் அழுதது அன்றைக்குத்தான். ரிஸ்வான் மற்றப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பிறகு விசாரணை தொடங்கியது. சுகாதாரப் பரிசோதகர் வந்து யார் யாரோடு பழகினாய், எங்கே போனாய் என்று கேட்டார். என் தடுப்பூசி விவரம் கேட்க அம்மாவை யன்னலடிக்குக் கூப்பிட்டார்கள்.

"மகனுக்குச் சின்ன வயசில எல்லா ஊசியும் போட்டதோ அம்மா?"

"போட்டாச்சு" என்றார் அம்மா. என்னைப்போலவே, யோசிக்காமல்.

"சின்னமுத்து ஊசி?"

"எல்லாம் போட்டாச்சு."

ஊருக்குள் மிட்வைஃப் மிஸ்ஸி, எங்கள் பகுதி மருத்துவிச்சி, ஊசி போட்டதோ என்று கேட்டு வீடுவீடாகப் போனார். ஜெனி இரவல் மருந்து ஏற்றிய பிள்ளையோடு வீட்டில் இருந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "முழு ஊருக்கும் போட்டாச்சாம்" என்று போனில் சொன்னாள். "கேக்க முந்தி மறுமொழி வருது. மிஸ்ஸி ஒரு வீட்டில 'உங்கட பேரென்ன' எண்டு கேட்டவ, அதுக்கும் 'போட்டாச்சு' எண்டிச்சினம்." அது அவளுடைய பகிடி. ஆனால் அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் போட்டிருந்தால் மிட்வைஃபுக்கு அங்கே வேலையில்லை, அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

என் காய்ச்சல் இறங்கத் தொடங்கியபோது அஞ்சலாவுக்குக் காய்ச்சல் வந்தது.

அவளையும் ஜெனியையும் அதே ஆசுப்பத்திரியில் பிள்ளைகள் பக்கத்தில் ஒரு தனியறையில் போட்டார்கள். நடுவில் ஒரு முற்றம்தான். எனக்கு ஒட்சிசன் எடுத்துவிட்டார்கள், ஆனால் அறையை விட்டு வெளியே விடவில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் எது அவர்களுடைய யன்னல் என்று கண்டுபிடித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைக்குப் பொரிகிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். கூட்டுகிற பெண்ணிடமும் கேட்டேன்.

அம்மா எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு பின்னேரம் என் யன்னலடிக்கு வந்தார். பிளாஸ்கை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"தம்பி, உனக்கு அந்த ஊசி போடேல்ல."

"எந்த ஊசி?"

"சின்னமுத்து ஊசி. அந்தக் காலத்தில ஒம்பது மாசத்தில போடுறது. அந்தக் கிழமைதான் வள்ளம் வெளிக்கிடுது எண்டு சொன்னவை. ஊசி போட்டாக் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தாப் பிள்ளை அழும். வள்ளக்காரர் முதலே சொல்லிப்போட்டார், அழுகிற பிள்ளையை ஏத்தமாட்டன் எண்டு. கடலுக்க நேவி நிண்டது."

நான் கட்டிலை விட்டு எழும்பி யன்னலடிக்குப் போனேன்.

"எங்களுக்கு முதல் போன வள்ளத்தில ஒரு தாய் பிள்ளையின்ர வாயைப் பொத்திக்கொண்டு போனவ. அந்தக் கரையில இறங்கிப் பாக்கேக்க பிள்ளைக்கு மூச்சில்லை. எனக்கு அவவை நல்லாத் தெரியும், பக்கத்து வளவு. அதுதான் உன்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகேல்ல. கரையில சனம் முழுக்க அப்பிடித்தான் செய்தது. வெளிக்கிடுற ஆக்கள் ஒருத்தரும் பிள்ளைக்கு ஊசி போடேல்ல."

"சரி, பிறகு போட்டிருக்கலாமே. இந்தியாவில முகாமில கேட்டிருப்பினமே."

"கேட்டவை. சிலோனில போட்டாச்சு எண்டு சொன்னனான். இறங்கின அண்டைக்கு எத்தினை பேர், எத்தினை கேள்வி. ஆரோட வந்தனீங்கள், ஆரைத் தெரியும், புருசன் எங்க. எல்லாத்துக்கும் ஒவ்வொரு மறுமொழி சொன்னன். அதில ஊசியும் ஒண்டு. பிறகு போய், 'அது பிழை, போடேல்ல' எண்டு சொன்னா, மற்றதுகளும் பொய்யோ எண்டு கேப்பினமெல்லோ. திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டு பயம். கப்பலில வந்து இறங்கினாப் பிறகு இஞ்சயும் கேட்டவை, இந்தியாவில போட்டாச்சு எண்டன். மடுவிலயும் கேட்டவை. சொல்லிச் சொல்லி எனக்கே போட்டமாதிரித்தான் இருந்தது."

எனக்குக் கோபம் வந்தது, ஒளிக்கவில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை கிடக்கிறாள், இவர் இத்தனை வருஷம் கழித்து வந்து சொல்கிறாரே என்று வந்த கோபம். அதோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. அந்த ஊசியைப் போட்டிருந்தால் நான் வள்ளத்தில் அழுதிருப்பேன். அழுதிருந்தால் அம்மாவின் கை என் வாய்க்கு வந்திருக்கும். அந்தக் கை இத்தனை காலமும் என் பிள்ளையின் வாயடிக்கு ஏன் போனது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் யன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இதை மிட்வைஃப் மிஸ்ஸியிட்டச் சொல்லுங்கோ அம்மா."

"சொன்னா என்ன செய்வினம்?"

"ஒண்டும் செய்யாயினம். ஊசி போடுவினம்."

"வேற ஒண்டும் கேளாயினமோ?"

"கேளாயினம்."

சண்டை முடிந்து எத்தனை காலம், அம்மாவுக்கு இன்னும் அந்தக் கேள்விகளுக்குப் பயம். அவர் போனபிறகு ரிஸ்வான் மெதுவாக எழும்பி இருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். "எங்கட முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு எழுப்பி அனுப்பினதும் அந்த வருசம்தான் மச்சான்" என்றான். "எங்கட உம்மாவைக் கேட்டாலும் போட்டாச்சு எண்டுதான் சொல்லுவா. உடுத்த உடுப்போட வந்ததுகள், இதை ஆர் நினைச்சது?" பிறகு போனை எடுத்து முசலிக்கு அடித்து, உம்மாவிடம் நயமாகக் கேட்கத் தொடங்கினான். அந்தக் கதை நெடுநேரம் போனது.

அம்மா மிஸ்ஸியிடம் போகுமுன் ஜெனியிடம்தான் போய்ச் சொல்லியிருக்கிறார். ஜெனி வெடித்துவிடுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மடியில் கிடந்த பிள்ளையைத் தூக்கி அம்மாவின் கையில் கொடுத்தாளாம். "வைச்சிருங்கோ மாமி, நான் முகம் கழுவிற்று வாறன்" என்றாளாம். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் அழுதார்களாம். ஜெனி இதை எனக்குப் பிறகுதான் சொன்னாள்.

அஞ்சலாவுக்குப் பொரிந்தது. நெற்றியிலும் காதோரத்திலும் கொஞ்சம், முதுகில் அங்கொன்று இங்கொன்று. டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், அடுத்தநாள் திரும்பக் கேட்டார், அதற்கடுத்த நாளும் கேட்டார். கண் பழுதாகாமல் இருக்க விட்டமின் ஏ துளி கொடுத்தார்கள். நுரையீரலுக்குப் போகவில்லை. பிறகு ஒருநாள் அவர் முற்றத்தைக் கடந்து என் யன்னலுக்கு வந்து, "நல்லம். போயிட்டுது" என்றார், தன்னுடைய யோசித்து யோசித்துப் பேசுகிற தமிழில். நான் போய்க் கட்டிலில் இருந்துவிட்டேன். இரவல் கொடுத்த எதிர்ப்பு அவளைக் காப்பாற்றியது. யாருடைய இரத்தத்திலிருந்து வந்ததோ, அவர்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது என் உடுப்பெல்லாம் தொளதொளத்தது. கொட்டில்வரை நடந்தால் மூச்சு வாங்கியது. ஊசி போடுகிற நாள் கோயில் மண்டபத்தில் என்று மிட்வைஃப் அறிவித்திருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, என் வயதுக்காரருக்கும். சனம் வந்தது, வெளியே நின்றது, உள்ளே போகவில்லை. மிட்வைஃப் வாசலில் நின்று கேட்க, பழைய மறுமொழிதான் வந்தது. நான் ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டு, எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன்.

அம்மா அந்தப் பெண்களுக்கு நடுவில் போய் நின்றார். சத்தம் போட்டுக் கதைக்கிற ஆள் இல்லை.

"நான் என்ர மகனுக்குப் போடேல்ல" என்றார். "நீங்களும் போடேல்ல. எனக்குத் தெரியும், நாங்கள் ஒரே வள்ளத்தில போனனாங்கள்."

அம்மா, "மிஸ்ஸியிட்டச் சொல்லிப்போட்டன். ஒண்டும் கேக்கேல்ல. சும்மா எழுதினவ" என்றார். அந்த வள்ளத்தில் போன பெண்களில் ஒருவர் தன் மகனைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவன் எங்கள் கரையில் ஆகப் பெரிய வலை இழுக்கிறவன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினான். அவனுக்குப் பின்னால் வரிசை வந்தது. அன்றைக்கு மருந்து போதாமல் போய், அடுத்த கிழமையும் வந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் கரையில் அந்த வருத்தம் வேறு யாருக்கும் வரவில்லை. முசலியிலும் ரிஸ்வானின் உம்மா ஒரு வரிசையைச் சேர்த்துவிட்டார் என்று கேள்வி.

அஞ்சலாவுக்கு மட்டும் உடனே போடவில்லை. சின்னமுத்து அவளுக்கு வந்துபோய்விட்டாலும், அந்த ஊசியில் கன்னம் வீங்குகிற கூவைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து இரண்டுக்கும் சேர்த்து மருந்து இருக்கிறதாம். இரவல் மருந்து உடம்பில் இருக்கும்வரை அது வேலை செய்யாதாம். சில மாதம் பொறுக்க வேண்டும் என்றார்கள். பொறுத்தேன் என்று சொல்லமாட்டேன். கிளினிக் நாளைப் பற்றி மிட்வைஃபைக் காணும்போதெல்லாம் கேட்டேன். கடைசியில் அவர் என்னைக் கண்டால் சைக்கிளை மற்றப்பக்கம் திருப்பத் தொடங்கினார்.

அந்த நாள் வந்தபோது நாலு பேருமாகக் கோயில் மண்டபத்துக்குப் போனோம். ஜெனி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். மிட்வைஃப் ஊசியைக் குத்தினார். அஞ்சலா முதலில் ஒன்றும் செய்யவில்லை, எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயை அகலத் திறந்து வீரிட்டாள். மண்டபம் முழுக்க எதிரொலித்தது.

அம்மாவின் கை எழும்பியது. நான் கண்டேன், ஜெனியும் கண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. கை பிள்ளையின் வாயடி வரைக்கும் போய் அங்கேயே நின்றது. பிறகு அம்மா அந்தக் கையைப் பிள்ளையின் முதுகில் வைத்துத் தடவினார்.

"அழு ராசாத்தி" என்றார். "நல்லாக் கத்தி அழு."

அஞ்சலா அழுதாள். கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.